கிட்டார்ப் பெட்டியும் புளியஞ்சோலைக் காற்றும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நம் கல்லூரி இசைக்குழுவுக்குக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்க வேண்டும் என்ற பேச்சு இந்த ஆண்டு எழுந்திருக்கிறது. பேச்சு எழுந்தவுடனேயே இரண்டு கட்சிகளும் எழுந்துவிட்டன. வால்வு வைத்த பெட்டிதான் அசல், மற்றதெல்லாம் போலி என்பது ஒரு கட்சி. மாடலிங் பெட்டிகளில் எதில் அதிக வகை ஒலி இருக்கிறதோ அதை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் சேராதவன். கிட்டாரோடு எனக்குள்ள உறவு, விடுதியில் நண்பனின் கருவியை இரவல் வாங்கித் தட்டிப் பார்க்கும் அளவுதான். ஆயினும் இயற்பியல் படிக்கிறவன் என்ற உரிமையில் ஒலியைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் இடமுண்டு என்று நம்புகிறேன்.

மாடலிங் ஆம்ப்ளிஃபயர் என்பது என்ன? கிட்டார்க் கம்பியின் அதிர்வு, அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மின் அலையாகிறது. பழைய வால்வுப் பெட்டியில் அந்த அலை வால்வு தாங்கும் எல்லையைத் தாண்டும்போது அதன் முகடுகள் மழுங்குகின்றன. மழுங்கிய அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. அந்தக் கரகரப்பைத்தான் மேலை நாட்டார் ராக் இசை என்று கொண்டாடினார்கள். மாடலிங் பெட்டியோ அலையை முதலில் எண்களாக மாற்றிக்கொள்கிறது. இந்த வால்வும் இந்த மின்மாற்றியும் இந்த ஒலிபெருக்கியும் இருந்திருந்தால் அலை எப்படி வளைந்திருக்கும் என்று கணக்கிட்டு, மறுபடி ஒலியாக்கித் தருகிறது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1995இல் விஜி-8 என்ற கருவியில் இதைச் செய்து காட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் லைன் சிக்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் 212 என்ற முழுப் பெட்டியையே கொண்டுவந்துவிட்டது.

கணக்கிட்டுத் தருவதால் அது போலி என்கிறார்கள். சரி, இந்த நண்பர்கள் அசல் என்று கொண்டாடும் மார்ஷல் பெட்டியின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1962இல் செய்த முதல் பெட்டி, அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் என்ற பெட்டியின் மின்சுற்றைப் பார்த்துச் செய்ததே. அமெரிக்கப் பெட்டிக்கு விலை அதிகம். அதனால் பார்த்துச் செய்தார்கள். கையில் கிடைத்த இங்கிலாந்து உதிரிப் பாகங்களைப் போட்டதால் ஒலி சற்றே மாறியது. அந்த மாறிய ஒலிதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. ஆக, இவர்கள் வணங்கும் அசலே ஒரு நகல்!

அவ்வளவு தூரம் போவானேன்? 1970களின் இறுதியில் பெங்களூரில் ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். அதன் வழிவந்த பெட்டிகள் ஒலிக்காத கச்சேரி மேடை இன்று குறைவு. தம்புராவின் நான்கு கம்பிகளும் இல்லாத அந்தப் பெட்டியை நம் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டபோது, கிட்டார்க்காரன் மட்டும் ஏன் குற்றவாளியாக வேண்டும்? வால்வுப் பெட்டியின் விலையில் பாதியைக்கூட நம் மாணவர் மன்ற நிதி தாங்காது என்பது வேறு. தாங்கினாலும், வால்வுக்குத் தேவையான சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தையும், பழுதானால் மாற்று வால்வுக்கு நாம் அலைய வேண்டிய அலைச்சலையும் நினைத்தால் அந்த ஆசை தானே அடங்கும். எங்களைப் போன்ற வீடுகளில், கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவர்கள் அசல் என்பதன் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பழகியவர்கள். நல்ல நகல் ஒன்று கைக்கெட்டும் விலையில் வரும்போது, அதைக் கேலி செய்கிற உரிமை யாருக்கும் இல்லை.

ஆனால் நகலை ஆதரிக்கிறேன் என்பதற்காக, வகைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கும் இரண்டாம் கட்சிக்கும் நான் ஆளில்லை. அறுபது வகை ஒலி இருக்கிறதாம்! அறுபது வகைச் சட்டை வைத்திருப்பவனும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் போட முடியும். 2016இல் பாஸ் நிறுவனம் வெளியிட்ட கட்டானா பெட்டியின் முகப்பில் ஐந்தே ஐந்து வகைதான். அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். நம் குழு வாசிப்பது பெரும்பாலும் திரைப்பாடல்கள். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் நிலாப் பாட்டை வாசிக்காத கல்லூரிக் கிட்டார்க்காரன் உண்டா? அதில் கரகரப்பே கிடையாது. தெளிந்த ஒலி ஒன்று போதும்.

வாட் கணக்கிலும் ஏமாறக் கூடாது. ஐம்பது வாட்டை நூறு வாட்டாக்கினால் சத்தம் இரட்டிப்பதில்லை. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே ஐம்பது வாட், பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி, மைக் செட்டுக்கு நேராகக் கம்பி கொடுக்கும் வசதி, கையால் திருகும் குமிழ்கள் ஆகிய இவ்வளவும் இருந்தால் போதும். கைப்பேசியைத் தடவினால்தான் ஒலி மாறும் என்கிற பெட்டி வேண்டவே வேண்டாம். மேடையில் இருட்டில், பாட்டு நடுவே யார் தடவிக்கொண்டிருப்பது?

வாங்குவது சிறிய வேலை. குமிழ்களை எங்கே நிறுத்துவது என்பதே பெரிய வேலை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் கடைசி மாலை, புளியஞ்சோலையில் ஊர் மக்களுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். கொல்லிமலை அடிவாரம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் மரங்கள், கல்லில் புரண்டு ஓடும் ஐயாற்றின் இரைச்சல். நண்பன் ஒருவன் தன் சிறிய மாடலிங் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். விடுதி அறையில் இரவெல்லாம் உட்கார்ந்து பக்குவப்படுத்திய ஒலி அது. பாஸ் நிறைய, ட்ரெபிள் நிறைய, நடுவில் பள்ளம், மேலே எதிரொலி. அறையில் கேட்டபோது சினிமா ஒலிப்பதிவு போலவே இருந்தது. புளியஞ்சோலையில் பாட்டு தொடங்கியது. தபேலா கேட்டது, பாட்டுக்காரர் குரல் கேட்டது, கிட்டார் மட்டும் எங்கோ போய்விட்டது. முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, அந்தத் தம்பி வாசிக்குதா, சும்மா கைய ஆட்டுதா?” என்று கேட்டார்.

எங்கே போனது கிட்டார்? இதற்கு விடை 1933லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர், ஒலி மெல்லியதாக இருக்கும்போது நம் காது கீழ்ச் சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் குறைவாகவே வாங்குகிறது என்று அளந்து காட்டினார்கள். ஆகவே அறையில் மெல்ல வாசிக்கிறவன், குறையை ஈடுகட்ட இரு ஓரங்களையும் ஏற்றிவிடுகிறான். அதே அமைப்பில் சத்தத்தைக் கூட்டினால், ஏற்றிய ஓரங்கள் இரண்டும் வீங்கிவிடுகின்றன. கிட்டாரின் உயிர் இருக்கும் நடுப்பகுதி அமுங்கிவிடுகிறது. இதோடு திறந்த வெளியின் கணக்கு ஒன்று இருக்கிறது. தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அறையில் போலத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. மீதியிருந்த உயர் சுரங்களை ஆற்றின் இரைச்சல் விழுங்கிவிட்டது.

பாடப்புத்தகம் படித்த நாங்கள் விழித்துக்கொண்டு நிற்க, மைக் செட்காரர் வந்தார். பெட்டிக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்தார். “பாஸைக் கொறைங்க தம்பி, நடுக்குமிழைக் கூட்டுங்க, அந்த எதிரொலியை அடியோட எடுங்க” என்றார். குழாய் ஒலிபெருக்கி, நொடிக்குச் சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே பெரிதாக எதையும் தராது. கிட்டாரின் தடித்த கம்பியோ 82 அதிர்வில் தொடங்குகிறது. அந்தக் கீழ்ப்பகுதியைக் கூட்டிக் கூட்டி என்ன பயன்? குமிழைத் திருப்பியதும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற எங்களுக்கு ஒலி வறண்டு, மூக்கால் பேசுவது போலக் கேட்டது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தாளம் போட ஆரம்பித்தார்கள். யார் காதுக்கு வைப்பது என்பதுதான் கேள்வி. வாசிக்கிறவன் காதுக்கா, கேட்கிறவர் காதுக்கா?

தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருளினால் ஒன்று சொல்வேன். இதே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில், பாணர் கூட்டம் இசைக்கு ஆயத்தமாகும் இடம் வருகிறது. முழவைச் சரி செய்யச் சொல்கிறார்கள், யாழில் பண்ணை நிறுத்தச் சொல்கிறார்கள். பதலை என்னும் தோற்கருவிக்கு வரும்போது, அதன் ஒரு முகத்தை மட்டும் மெல்ல வாசிக்கச் சொல்கிறார்கள். அதாவது எந்தக் கருவியை எவ்வளவுக்கு வைப்பது என்று பாட்டுக்கு முன்பே பேசிக்கொள்கிறார்கள். நம் குழுவில் இந்தப் பேச்சு நடந்து நான் பார்த்ததில்லை. ஆளாளுக்குத் தன் குமிழை ஏற்றுவதுதான் நடக்கிறது.

ஆகவே பெட்டி வரட்டும்; மாடலிங் பெட்டியே வரட்டும். ஆனால் விழா நாளில் மட்டும் வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் பூட்டிய அலமாரியில் உறங்கும் பொருளாக அது ஆகக் கூடாது. சொந்தமாகப் பெட்டி வாங்க முடியாதவன் மாலை ஐந்து மணிக்கு மேல் அதில் பழக வழி செய்ய வேண்டும் என்று இசைக்குழுப் பொறுப்பாசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். ஹெட்ஃபோன் துளை இருப்பதால் நூலகத்துக்குத் தொந்தரவும் இராது. வந்த அன்றே பெட்டியைக் கலையரங்கில் வைத்து, கடைசி வரிசையில் கிட்டார் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, அவர் கை காட்டுகிற இடத்தில் குமிழ்களை நிறுத்திப் பார்க்கலாம். அரங்கத்துக்கு ஓர் அமைப்பு, திடலுக்கு ஓர் அமைப்பு, புளியஞ்சோலைக்கு ஓர் அமைப்பு என்று எண்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துவைக்கலாம். நோட்டை நான் வாங்கித் தருகிறேன்.