'முறியடிக்கப்படாத' வேறு, 'முறியடிக்க முடியாத' வேறு



'அன்சர்பாஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சொல்லும்போது பலரும் 'முறியடிக்க முடியாத சாதனை' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது நெருடுகிறது. 'சர்பாஸ்' என்றால் ஒன்றை விஞ்சிப் போவது. 'அன்சர்பாஸ்ட்' என்றால் இதுவரை யாரும் விஞ்சவில்லை, அவ்வளவுதான். இனி யாராலும் முடியாது என்று சொல்ல 'அன்சர்பாஸபிள்' என்று தனிச் சொல்லே இருக்கிறது.

கண்டியில் பிறந்த நம் முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட். 2010 ஜூலையில் காலி மைதானத்தில், தன் கடைசிப் பந்தில் எடுத்தது அந்த 800ஆவது. அடுத்து நிற்கும் ஷேன் வார்ன் 708. இது அன்சர்பாஸ்ட். இனி ஒருவர் அதைத் தாண்டுவது சிரமம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் 'முடியாத' என்று எழுதக் கை வரவில்லை.

காரணம் சதுரங்கம். காஸ்பரோவ் 1985இல் 22 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். 39 ஆண்டுகள் அந்த வயதை யாரும் அசைக்கவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் அசைத்துவிட்டார். அவரை 'மறுக்க முடியாத இளைய சாம்பியன்' என்று அடைமொழி சேர்த்துச் சொல்வதைக் கவனித்தீர்களா? 2002இல் உக்ரைனின் பொனோமரியோவும் 18 வயதில் ஃபிடே பட்டம் வென்றவர்தான். அப்போது பட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எதில், எந்த அளவில், எந்தத் தேதிவரை என்று சொல்லாவிட்டால் இந்த மாதிரிச் சொற்களுக்கு எடையே கிடையாது.

நம்ம ஊர்ப் பூண்டுக்கு வருகிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் 'உலகிலேயே சிறந்தது' என்று சிலர் பேசினார்கள். குறியீடு அப்படிச் சொல்லவில்லை. இந்த மண்ணுக்கும் இந்தக் குளிருக்கும் உரிய தனித்தன்மை உண்டு என்றுதான் சொல்கிறது. அது சிறிய பெருமையா என்ன?

சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவர், மகள் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இதுவரை இல்லாத மதிப்பெண் எடுத்ததற்கு ஃபிளெக்ஸ் அடிக்க வாசகம் கேட்டார். அவர் எழுதி வைத்திருந்தது 'யாராலும் வெல்ல முடியாத சாதனை'. 'இப்பள்ளியில் இதுவரை எடுத்ததில் முதலிடம்' என்று மாற்றச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. "தம்பி, சின்னவன் இப்போ எட்டாவதுதானே? தினமும் அந்த போர்டைப் பார்த்துக்கிட்டேதானே பள்ளிக்கூடம் போவான்" என்றேன். மாற்றிவிட்டார்.