நோட்டுக்கும் காலாவதி உண்டு

போன வாரம் ஒரு புரோநோட்டோட டவுனுக்குப் போயி வக்கீலைப் பார்த்தேன். சித்தப்பா மகன் போர் போடணும்னு கேட்டான். மஞ்சள் வித்த காசு அறுபதாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். அதுக்கு எழுதின நோட்டு அது. வக்கீல் தொகையைப் பார்க்கலை, முதல்ல தேதியைத்தான் பார்த்தார்.

"அண்ணே, மூணு வருசம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே" என்றார்.

1963-ம் வருசத்துச் சட்டமாம். கேட்டதும் கொடுக்கிறேன்னு எழுதின நோட்டுக்கு எழுதின நாளிலிருந்து 3 வருசம்தான் கெடு. அது தாண்டிட்டா எதிராளி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி பண்ணிடும்.

நான் ஏன் கேட்கலை? முதல் வருசம் மழை இல்லை. ரெண்டாம் வருசம் அவன் மகள் கல்யாணம். மூணாம் வருசம் சின்னம்மா தவறிட்டாங்க. சாவு வீட்டுல போயி கடனைக் கேட்கவா முடியும்?

கடன் வாங்கினவனுக்குத்தானா சட்டம்னு பஸ்ஸுல வரும்போது கோபமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பழைய விசயம் ஞாபகம் வந்தது. அப்பா இறந்து பல வருசம் கழிச்சு ஒருத்தர் வந்து, "உங்கப்பா எனக்கு ஒரு வண்டி நெல்லு தரணும்" என்றார். உண்மையா பொய்யான்னு சொல்ல ஒரு சாட்சியும் உயிரோட இல்லை. அன்னைக்கு இந்த மாதிரி ஒரு கெடுதான் எனக்குக் காவல். அதனால கெடு வேணும்.

என் குறை வேற. பூச்சிமருந்து டப்பாவுல காலாவதி தேதி போடுறாங்க. கடையில விக்கிற நோட்டுப் பாரத்துல "3 வருசத்துக்குள்" என்று ஒரு வரி அச்சடிச்சா என்ன? வரவு வச்சா, அதாவது கொஞ்சம் பணம் வாங்கி நோட்டுப் பின்னாடி தேதி போட்டு அவன் கையால எழுதிக் கையெழுத்து வாங்கினா, அன்னைக்கிருந்து புதுசா 3 வருசம் ஓடும். கெடு முடியுறதுக்குள்ள செய்யணும். அந்த ஒத்தைக் கையெழுத்தைக் கேட்கக் கூச்சப்பட்டதுக்குத்தான் எனக்கு அறுபதாயிரம்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் இது உண்டு. ஊர்ல விட்டுட்டு வந்த நிலத்தை ஒருத்தர் தனக்குத்தான் சொந்தம்னு வெளிப்படையா 12 வருசம் அனுபவிச்சா, அதை மீட்கிற வழக்குக்கு வழி அடைஞ்சு போகும். குத்தகைக்கு விட்டிருந்தா அந்தக் கணக்கு வராது. ஆனா குத்தகைன்னு காட்ட ஒரு சீட்டாவது வேணுமில்லையா? செக் திரும்பினா பேங்கு தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். வாங்கின பொருள் மோசம்னா நுகர்வோர் கோர்ட்டுக்கு 2 வருசம். எங்களுக்கோ, ஆலங்கட்டி மழையில பயிர் போனா இன்சூரன்சுக்கு 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்.

உறவுக்குள்ள எழுத்து எதுக்குன்னு நானும் சொன்னவன்தான். எழுத்து இல்லாததுதான் உறவைக் கெடுக்குதுன்னு இப்ப தோணுது.

கிளம்பும்போது வக்கீல் ஒண்ணு சொன்னார். கெடு முடிஞ்ச கடனையும் தர்றேன்னு அவனா புதுசா எழுதிக் கையெழுத்துப் போட்டா அது செல்லுமாம். சட்டம் கோர்ட்டுக் கதவைத்தான் சாத்துது, கடன் கடன்தான்.

நாளைக்கு அமாவாசை. நாளன்னைக்குக் காலையில அவன் வீட்டுக்குப் போறேன். கையெழுத்துப் போடுவானா, பார்ப்போம்.