டாக்டர் பட்டத்திற்குப் பின்

வெளிநாடுகளில் பயின்று திரும்பும் விஞ்ஞானிகள் நிலையான பதவி பெறும்வரை ஆராய்ச்சியைத் தொடர்வதற்கென 1958-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் குழுமத் திட்டம் தோன்றியது. இன்று உள்நாட்டில் டாக்டர் பட்டம் பெற்றோருக்கும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் ஈராண்டு உதவித்தொகை உண்டு. ஆயினும், விண்ணப்பிக்குமுன் பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சிக் கூடத்திலோ வழிகாட்டி ஒருவரின் இசைவைப் பெறுதல் வேண்டும். வயது வரம்போ பொதுவாக 35.

பெரிய நிலையங்களில் பயின்றோர்க்கு இவ்விசைவு எளிதிற் கிட்டும். சிற்றூர்க் கல்லூரியிலிருந்து வந்தவரோ யாரை அணுகுவது என்றே அறியார். பதில் வாராக் கடிதங்களிலேயே அவருடைய ஆண்டுகள் கழிகின்றன.

ஆகவே, ஆராய்ச்சியாளரை ஏற்கவிரும்பும் ஒவ்வொரு துறையும் தன் ஆய்வுப் பொருளையும் வழிகாட்டிகளின் பெயரையும் ஆண்டுதோறும் வெளியிடுதல் வேண்டும். கல்லூரி ஆசிரியர்களும் அவற்றை மாணவர்க்கு முன்கூட்டியே அறிவித்தல் நலம். அறிமுகமின்மையால் திறமை வீணாதல் நாட்டிற்கே இழப்பாகும்.