கை ராசி அல்ல, ஜன்னல்!

மாமியார் வைத்த செடி பட்டுப் போனால், "என்ன வெயில், என்ன வெயில்!" என்பார்கள். மருமகள் வைத்த செடி பட்டுப் போனால், "அவளுக்குக் கை ராசி இல்லை" என்பார்கள்.

இந்தப் பேச்சு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இதை விட்டுவிட வேண்டும்.

முன்பு வீட்டுக்குக் கொல்லைப்புறம் இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கும். யாரும் கவனிக்காமலே வளர்ந்தது. இப்போது சென்னையில் 3-வது மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கொல்லை ஏது? சமையல் அறை ஜன்னல்தான் தோட்டம். ஜன்னலில் வெளிச்சம் வராவிட்டால், எந்த ராசிக்காரி வைத்தாலும் செடி வளராது.

கொத்தமல்லியைப் பாருங்கள். முழு மல்லியை அப்படியே மண்ணில் தூவுகிறார்கள். "சரியாக முளைக்கவில்லையே" என்கிறார்கள். ஒரு மல்லிக்குள் 2 விதைகள் இருக்கின்றன. லேசாகத் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். ஓர் இரவு ஊற வைத்து விதைத்தால், சுமார் 10 நாளில் முளை தெரியும். 40 நாளில் தழை கிள்ளலாம். ஆனால் சித்திரை வெயிலில் விதைத்தால், தழைப்பதற்கு முன்பே பூத்துவிடும். அது விதைத்தவள் குற்றமா?

புதினாவுக்கு விதையே வேண்டாம். இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைக் குப்பையில் எறிகிறோம். நல்ல தண்டாக நாலைந்தை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் போதும். ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம்.

தொட்டிச் செடிகள் பல சாவது அன்பினால்தான்! காலையில் மருமகள் ஒரு செம்பு ஊற்றுகிறாள். அது தெரியாமல் மாமியார் ஒரு செம்பு. ஆபீசிலிருந்து வந்த மகன் ஒரு செம்பு. தொட்டியின் அடியில் ஓட்டையும் இல்லை. வேர் அழுகாமல் என்ன செய்யும்? விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. டெங்கு பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும்.

கறிவேப்பிலை மட்டும் பிடிவாதக்காரச் செடி. நல்ல வெயில் இல்லாமல் தழைக்காது. அதற்கு ஏற்ற இடம் மொட்டை மாடி. ஆனால் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் விழுந்துவிடும் என்று பயம். நியாயமான பயம்தான். அதற்காக வெயிலையே பூட்டி வைக்கலாமா? காலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும். ஆளுக்கொரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவார்கள்.

அந்தச் சாவியைக் கேட்கப் போக வேண்டியவர் மாமியார். மருமகள் போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்களா என்ன?