குளிரும் வெயிலும் எம் பிள்ளைகளைச் சிறைவைக்கலாமா?

கனடாவில் வாழும் எம்மவர் பனிக்காலத்தோடு வாழப் பழகிக்கொண்டுவிட்டனர். ஆனால் நரம்பு, தசை நோயுடன் வாழும் ஒரு பிள்ளை உள்ள வீட்டில் நிலைமை வேறு. ஏனையோருக்கு அசௌகரியமாக மட்டும் இருக்கும் குளிரும் வெயிலும் அவ்வீட்டில் நாளாந்த மருத்துவப் பிரச்சினையாகிவிடுகின்றன.

நடக்கும்போதும் ஓடும்போதும் எமது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் அசையாது அமர்ந்திருப்பவரின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். விரல்கள் விறைத்தால் நாற்காலியை இயக்க முடியாது. கடுங்குளிரில் அதன் மின்கலமும் வலுவிழக்கும். மயோட்டோனியா வகை நோய்கள் சிலவற்றில் குளிர் தசைகளை இறுகச் செய்கிறது. சுவாசத் தசைகள் தளர்ந்தவரால் வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. ஆகவே சாதாரண தடிமனும் நியூமோனியாவில் முடியக்கூடும். மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளருக்கோ வெப்பமே பகை. வெயில் ஏறும்போது அவர்களது தசைத்தளர்ச்சி கூடுகிறது.

காலநிலையும் முன்போல் இல்லை. 2013 டிசம்பரில் ரொறன்ரோவைத் தாக்கிய உறைபனிப் புயலில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. மின்சாரத்தில் இயங்கும் சுவாசக் கருவியை நம்பியிருப்போருக்கு இது உயிராபத்து. 2021 கோடையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வீசிய வெப்ப அலை 619 உயிர்களைப் பறித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் குளிரூட்டி இல்லாத வீடுகளுக்குள்ளேயே இறந்தனர். வீட்டுக்குள் இருந்தாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கை தவறானது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

இவ்வேளையில் எமது சமூகத்தின் நாட்காட்டியைச் சற்று நோக்குவோம். தைப்பொங்கலும் தமிழ் மரபுத் திங்களும் கடுங்குளிர் நிறைந்த சனவரியில் வருகின்றன. ஆலயத் தேர்த்திருவிழாக்களும் தெருவிழாக்களும் கோடை வெயிலில் நடைபெறுகின்றன. எமது பெருவிழாக்கள் பலவும் இப்பிள்ளைகளுக்கு மிகக் கடினமான பருவங்களிலேயே அமைகின்றன. வாசலில் பனி அகற்றப்படாத சாய்தளமும், நிழலற்ற வீதியும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

"வெளியே கொண்டுபோனால் வருத்தம் வந்துவிடும்" என்று பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. எனினும் ஆண்டில் ஐந்து மாதங்கள் அறைக்குள் இருக்கும் பிள்ளை எதை இழக்கிறது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, தோழர், விழா, மொழி என்று ஒவ்வொன்றாக அதன் கையைவிட்டுப் போகின்றன. நோயால் தளர்வது தசை; உறவுகளைத் தளரவிடுவது நாமே.

செய்யக்கூடியவை பல உள்ளன. விழா நடத்தும் சங்கங்கள் வாசல்வரை வாகனம் வர வழிசெய்யட்டும். பனிக்காலத்தில் சாய்தளத்தைத் துப்புரவாக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கட்டும். ஆலயங்கள் தேர்த்திருவிழா நாளில் குளிரூட்டப்பட்ட ஓர் அறையை ஒதுக்கட்டும். காய்ச்சல், தடிமன் உள்ளோர் விழாவுக்கு வராதிருப்பதும் ஒரு தொண்டே. பெற்றோர் மருத்துவருடன் கலந்து பேசி, தடுப்பூசி, சுவாசக் கருவிக்கான மாற்று மின்கலம், மின்சாரம் நின்றால் எங்கே செல்வது என்பவற்றைப் பருவம் தொடங்குமுன் தீர்மானிப்பது நன்று. இளையோரே, பனி கொட்டிய காலையில் அயல்வீட்டுச் சாய்தளத்தை வழித்துவிட உங்களுக்கு அரை மணி நேரம் போதும். வெப்ப அலை வீசும் நாளில் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

2005இல் இயற்றப்பட்ட ஒன்ராறியோ அணுகல் சட்டம், 2025க்குள் மாகாணம் முழுவதையும் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்தத்தக்கதாக்க இலக்கு வைத்தது. அக்கெடு கடந்தும் இலக்கு எட்டப்படவில்லை. அரசிடம் உரிமை கேட்போம். அதைக் கேட்கும் தகுதி எமக்கு வேண்டுமாயின், முதலில் எமது மண்டபங்களின் கதவுகளை இப்பிள்ளைகளுக்குத் திறந்துவைப்போம். அடுத்த பொங்கலுக்குத் திட்டமிடும் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, "சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்கட்டும்.