எக்ஸ்பயர்ட், டிசீஸ்ட், லேட்... செத்துப் போனவரை எப்படிச் சொல்வது?

ரெண்டு வாரமா கிளையில் ஆணி அதிகம், இந்தப் பக்கமே வர முடியவில்லை. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன செவ்வாய்க்கிழமை கவுண்ட்டரில் நடந்த ஒரு சின்ன விஷயம்.

போபாலில் எங்கள் கிளைக்கு ஒரு அம்மா வந்தார், காலேஜ் படிக்கிற பையனோடு. கணவர் இறந்து ஒரு மாதம். பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்த எங்கள் ஆள் அதைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பி, "சார், ஒரு டிசீஸ்ட் கேஸ் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார்.

அந்த அம்மா பையனிடம் மெல்லக் கேட்டார், "டிசீஸ்ட் மத்லப்?"

பையன் தலையைக் குனிந்துகொண்டு, "பாபா" என்றான்.

அவ்வளவுதான். எனக்கு அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. அந்தப் பையனைக் (எங்கள் புது ஆபீசரை) குறை சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே என்னை மாதிரி ஆட்கள்தான். இருபது வருடமாக நானும் அப்படியேதான் கத்தியிருக்கிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 2019-ல் கும்பகோணத்தில் அப்பா இறந்தபோது, விடியற்காலையில் அழுதுகொண்டே மேனேஜருக்கு லீவு மெயில் அடித்தேன். "மை ஃபாதர் எக்ஸ்பயர்ட்" என்றுதான் எழுதினேன். அப்பாவைப் பற்றி நான் எழுதின கடைசிச் செய்தியில், மாத்திரை அட்டைக்கும் டெபிட் கார்டுக்கும் போடுகிற வார்த்தை!

சரி, இங்கிலீஷில் செத்துப் போவதற்கு வார்த்தைப் பஞ்சமா என்று பார்த்தால், அதுதான் இல்லை. பி.காம். படித்தவன் மொழி ஆராய்ச்சி செய்யலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் தொழிலே பாதி செத்துப் போன வார்த்தைகளில்தான் ஓடுகிறது :-)

'டெட்', 'டெத்' இரண்டும் ஆயிரம் வருடத்துக்கு மேலாக இங்கிலீஷில் இருப்பவை. ஆனால் 'டை' என்ற வினைச்சொல் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்களின் மொழியிலிருந்து வந்தது என்கிறார்கள். எழுத்தில் அது 12-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தென்படுகிறது. அதற்கு முன் சாவதற்கு அவர்கள் வைத்திருந்த சொற்களில் ஒன்றுதான் இன்றைய 'ஸ்டார்வ்'. ஜெர்மன்காரர்கள் இன்றும் சாவதற்கு அதன் உடன்பிறப்பான 'ஸ்டெர்பன்' என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலீஷில் அது சுருங்கிப் பட்டினிச் சாவாகி, பிறகு வெறும் பட்டினியாகிவிட்டது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது 'ஐ ஆம் ஸ்டார்விங்' என்கிறோமே, அது ஒரு காலத்தில் 'செத்துக்கொண்டிருக்கிறேன்'.

1066-க்குப் பிறகு பிரெஞ்சு பேசுகிற நார்மன்காரர்கள் ஆட்சி. கோர்ட்டும் சொத்தும் பத்திரமும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. அந்த வழியாக வந்தவைதான் நம் ஃபாரங்களில் இருக்கிற வார்த்தைகள். 'டிசீஸ்' என்றால் மூலத்தில் 'கிளம்பிப் போதல்'. ரோமானியர்களுக்கே அது நாசூக்கான பேச்சு, நாம் 'போயிட்டார்' என்பது போல.

'டிமைஸ்' இன்னும் வேடிக்கை. அது சாவே இல்லை, சொத்தைக் கைமாற்றுவது. ஆள் செத்தால்தானே சொத்து கைமாறும், அதனால் 18-ஆம் நூற்றாண்டில் அதுவே சாவைக் குறிக்க ஆரம்பித்தது. வாடகைப் பத்திரங்களில் இன்றும் 'டிமைஸ்ட் பிரிமைசஸ்' என்று வரும். கட்டடம் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் நம்ம 'மார்ட்கேஜ்'. 'மார்ட்' என்றால் செத்தது, 'கேஜ்' என்றால் ஈடு. செத்த ஈடு! எட்வர்ட் கோக் என்கிற சட்ட மேதை 17-ஆம் நூற்றாண்டில் இதற்கு விளக்கம் சொன்னார்: பணம் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவனுக்குச் செத்தது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவனுக்குச் செத்தது. வீட்டுக் கடன் வாங்கிய நண்பர்கள் மாதம் ஒன்றாம் தேதி இதை நினைத்துக்கொள்ளவும்.

இது ஆபீஸ் பீரோ. இதற்கு வெளியே தெருவில் இருப்பது தனிக் கும்பல். கதவாணி மாதிரி செத்தான் என்ற பேச்சு 14-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. டிக்கன்ஸ் 1843-ல் எழுதின கிறிஸ்துமஸ் கதையின் தொடக்கத்திலேயே, கதவாணியில் அப்படி என்ன சாவு இருக்கிறது, சவப்பெட்டி ஆணி என்றாலாவது பொருந்துமே என்று யோசிப்பார். பக்கெட்டை உதைத்தான் என்பது 1785-ல் பிரான்சிஸ் க்ரோஸ் போட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே உண்டு. முதல் உலகப் போர்ச் சிப்பாய்கள் 'மேற்கே போயிட்டான்' என்றார்கள், 'டெய்சிப் பூவை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறான்' என்றார்கள். பக்கத்தில் இருந்தவன் தினமும் சாகும்போது, சிரிக்காமல் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது போலிருக்கிறது.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ஒரு மொழியில் சாவுக்கு மூன்று அறைகள் இருக்கின்றன. ஒன்று வீடு, ஒன்று ஆபீஸ், ஒன்று தெரு. இங்கிலீஷ்காரன் வீட்டில் 'மை ஃபாதர் டைட்' என்பான், வக்கீலிடம் 'டிசீஸ்ட்' என்பான், பாரில் பக்கெட் என்பான். நாம் இங்கிலீஷைக் கற்றது பெரும்பாலும் ஃபாரங்களிலிருந்தும் லீவு லெட்டரிலிருந்தும். அதனால் நமக்குத் திறந்தது ஆபீஸ் அறை மட்டும். அந்த வார்த்தைகளையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம். 'டைட்' என்பது நமக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. இங்கே பேப்பரைத் திறந்தால் எல்லோரும் 'ஹெவன்லி அபோட்' போகிறார்கள். யாருமே சாவதில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'எக்ஸ்பயர்' என்பது நாம் கண்டுபிடித்த தப்பு இல்லை. லத்தீனில் அதற்கு மூச்சை வெளியே விடுதல் என்று பொருள். இங்கிலீஷில் மனிதன் உயிர் விடுவதை அது குறிப்பது 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பிறப்பில் அழகான வார்த்தை. ஆனால் இன்று அதைக் கேட்டால் யாருக்கு மூச்சு ஞாபகம் வருகிறது? பால் பாக்கெட்தான் ஞாபகம் வருகிறது. பிறந்த கதை எப்படியிருந்தாலும், வார்த்தை காதில் விழுகிற இடம்தான் கணக்கு.

எங்கள் பேங்கில் பாருங்கள். பயன்படுத்தாத கணக்கு 'டார்மன்ட்', அதாவது தூங்குகிறதாம். உயிரில்லாத கணக்குக்கு அத்தனை நாசூக்கு. முப்பது வருடம் அந்தக் கணக்கில் சம்பளம் போட்டவர் மட்டும் 'கேஸ்'.

ஆபீஸ் வார்த்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபாரத்தில் 'டிசீஸ்ட் டெபாசிட்டர்' என்று இருக்கட்டும், சட்டத்துக்குத் தெளிவு வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் அதைப் பேச வேண்டாம் என்கிறேன். இங்கே ஹிந்தியில் 'நஹீ ரஹே' என்பார்கள். இப்போது இல்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல எந்த சர்க்குலரும் தடுக்கவில்லை. அன்று அந்த அம்மாவை என் டேபிளுக்குக் கூப்பிட்டு, கணவர் பெயரைக் கேட்டு, அதன்பிறகு அந்தப் பெயரையே சொல்லிப் பேசினேன். புது ஆபீசரிடமும் சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னேன். "சாரி சார், இனிமே பேரைச் சொல்றேன்" என்றார்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நம் எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஊரிலிருந்து போன் வருகிறது. நாம் பிள்ளைகளிடம் 'தாத்தா எக்ஸ்பயர்ட்' என்கிறோம், அல்லது ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கட்டுகிறோம். 'தாத்தா இறந்துட்டார்' என்று தமிழில் ஒரு தடவை சொல்லிவிட்டால், அழுவதற்கும் அதே மொழி கிடைக்கும். காலமானார், தவறிட்டார், போய்ச் சேர்ந்தார் எல்லாம் பிறகு தானாக வரும்.

கடைசியாக 'லேட்'. இங்கிலீஷில் அது சமீபத்தில் இறந்தவருக்கு மட்டும்தான். லேட் ஷேக்ஸ்பியர் என்று யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் ஐம்பது வருடம் ஆனாலும் அப்பா பெயருக்கு முன்னால் லேட் போடுவோம். அப்பா போன பிறகு முதல் ஃபாரத்தில் அந்த நாலு எழுத்தைப் போட என் பேனா நின்றது. இன்னமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இலக்கணப்படி தப்பாக இருக்கலாம். ஆனால் எனக்கு அப்பா இன்னும் சமீபத்தில்தான் போயிருக்கிறார். இந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்தப் போவதில்லை.

உங்கள் வீட்டில் என்ன சொல்லுவீர்கள்? பின்னூட்டத்தில் எழுதுங்கள்.