போதுமா, போதாதா?

குறுக்குவழிச் சூத்திரங்களோடு எனக்குள்ள பகை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழசு. இந்த வாரம் அதைக் கிளறிவிட்டது ஒரு வங்கித் தேர்வு வழிகாட்டி. விடையே காண வேண்டாத கணக்குக்கும் அது சூத்திரம் கொடுக்கிறது. தரவுப் போதுமைக் கேள்வி கேட்பது ஒன்றுதான்: தந்த கூற்றுகளை வைத்து விடை காண முடியுமா? ஏ, பி இருவரும் சேர்ந்து ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார்கள். ஏ தனியாக எத்தனை நாளில் முடிப்பார்? முதல் கூற்று, ஏயும் சியும் சேர்ந்தால் 15 நாள். இரண்டாவது, பியும் சியும் சேர்ந்தால் 20 நாள். தனித்தனியே இரண்டும் போதாது. சேர்த்தால் போதும்: மூன்று ஜோடிகளின் ஒரு நாள் வேலையைக் கூட்டிப் பாதியாக்கினால் மூவரின் ஒரு நாள் வேலை, அதில் பி, சி செய்ததைக் கழித்தால் மிச்சம் ஏயினுடையது. இவ்வளவு புலப்பட்டதுமே பேனாவை வைத்துவிடலாம். விடை 20 என்று கண்டுபிடிப்பது வீண் உழைப்பு.

தேர்வறையில் நேரமில்லை, சூத்திரம்தானே கைகொடுக்கும் என்பார்கள். 'தெரியாதவை மூன்று என்றால் சமன்பாடுகளும் மூன்று வேண்டும்' என்று எண்ணிப் பார்ப்பதைத்தான் அவர்கள் வேகம் என்கிறார்கள். அந்த எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏமாற்றும். முன் சொன்ன கணக்கில் 'ஏ, பி சேர்ந்து 3 நாளில் கால்வாசி வேலை முடிப்பார்கள்' என்று ஒரு கூற்று வந்தால், அது அதே 12 நாளை வேறு உடுப்பில் சொல்வது. புதிதாக ஒன்றும் தரவில்லை. மாறாக, ஏயின் வேகம் பியைப் போல இரு மடங்கு என்று மட்டும் சொல்லி, சேர்ந்து செய்த வேலையில் ஏயின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், நாள் கணக்கே வேண்டாம்: மூன்றில் இரண்டு.

ஒரு நாள் வேலை என்ற இந்தக் கருத்தை 1150-ல் எழுதிய 'லீலாவதி'யில் பாஸ்கரர் எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்! ஒரு குளத்தை நான்கு ஊற்றுகள் தனித்தனியே ஒரு நாள், அரை நாள், மூன்றிலொரு நாள், ஆறிலொரு நாளில் நிரப்பும். நான்கையும் சேர்த்துத் திறந்துவிட்டால்? பின்னங்களைத் தலைகீழாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் ஒன்றை வகு என்பதே அவர் விதி. ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. மொத்தம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு குளம். ஆக, நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எண்களைத் தேர்ந்த விதத்திலேயே கருத்து வெளிச்சமாகிறது: நேரங்களைக் கூட்டாதே, வேகங்களைக் கூட்டு. ஊற்று நாற்பதானாலும் விதி மாறாது. பெருக்கிக் கூட்டுத்தொகையால் வகுக்கும் இன்றைய சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் மூன்றாவது குழாய் வந்ததும் திகைத்து நிற்கிறார்.

மனிதர்கள் ஊற்றுகள் அல்லவே என்ற ஆட்சேபம் வலுவானது. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 மென்பொருள் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று 1975-ல் எழுதினார். புதியவருக்குச் சொல்லித்தர வேண்டும். தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகளும் பெருகும்: ஐந்து பேருக்கு 10, பத்துப் பேருக்கு 45. இதனால் கணக்கு பொய்யாகிவிடாது. யாருடைய வேகமும் மாறாது என்ற நிபந்தனை அதில் சொல்லாமலே அடங்கியிருப்பது தெரியவரும். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, இரு நிரலாளர்கள் தனித்தனியே எடுக்கும் நாட்களை மட்டும் தந்து, சேர்ந்தால் எத்தனை நாள் என்று கேட்டால் சரியான விடை: தரவு போதாது.